தரையில் கிடந்த மலைகள்

ஆய்வு மாணவியாகச் சேர்ந்து எட்டாவது மாதம். மூன்று நாள் வினை, ஒரு முழு நாள் காலம், கடைசியில் குடுவையின் அடியில் அரை கிராம் வெள்ளைப் பொடி. (எங்கள் ஆய்வுக்கூடத் தமிழில் காலம் என்றால் நேரம் இல்லை, சிலிக்கா தூள் அடைத்த நீளக் கண்ணாடிக் குழாய். கலவையை அதன் தலையில் ஊற்றிவிட்டு, கீழே சொட்டுச் சொட்டாக இறங்குவதை வரிசையாகச் சின்னக் குழாய்களில் பிடித்து வைக்க வேண்டும். நேரத்தையும் அது நிறையவே தின்னும் என்பதால் பெயர் பொருத்தம்தான்.) பொடியில் ஒரு சிட்டிகையைக் கரைத்து என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) கருவிக்குள் இறக்கியாயிற்று. திரையில் நிறமாலை வந்து நின்றது. நான் எதிர்பார்த்த பீக்குகள் எல்லாம் இருந்தன. அடிக்கோடு காற்றில்லாத நாளின் ஏரி மாதிரி கிடந்தது. பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று படுக்கைவாட்டு அச்சில் 0 முதல் 8 வரை மட்டும் வெட்டி அச்செடுத்து, கைடின் மேஜையில் கொண்டுபோய் வைத்தேன்.

"ப்யூர் சார்."

அவர் காகிதத்தைக் கையால்கூடத் தொடவில்லை. "ஃபைலத் திறம்மா" என்றார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, நான் வெட்டிய எல்லையை 12 வரை விரித்தார். பிறகு ஆள்காட்டி விரலை மவுஸ் சக்கரத்தில் வைத்து உருட்டினார். உயரமான பீக் திரையின் கூரையைப் பிய்த்துக்கொண்டு மேலே போனது. இன்னும் உருட்டினார். நடுத்தர பீக்குகளும் போயின. ஏரியாகக் கிடந்த அடிக்கோட்டிலிருந்து புல் முளைக்கத் தொடங்கியது. 4.12-இல் நான்கு கிளைகளோடு ஒரு குட்டிக் கொத்து. காலத்தில் ஊற்றிய எத்தில் அசிட்டேட்டை நான் சரியாக உறிஞ்சி எடுக்கவில்லை. என் காகிதத்துக்கு வெளியே, 9.9-இல், தனியாக ஒரு முள்.

"இது யாரு?" என்றார்.

அது நான் வினையைத் தொடங்கிய ஆல்டிஹைடு. முழுவதும் தீர்ந்துவிட்டது என்று நோட்டில் எழுதி வைத்திருந்தேன்.

திரையில் அவர் தரவின் ஒரு புள்ளியைக்கூட மாற்றவில்லை. எல்லாம் முதலிலிருந்தே அங்கேதான் இருந்தது. நான் பார்க்காதபடி அதைக் காட்டியது மென்பொருள். அப்படிக் காட்டச் சொன்னது நான். கோப்பைத் திறந்ததும் பெரும்பாலான நிறமாலை மென்பொருள்கள் முதலில் செய்கிற காரியம், மிக உயரமான பீக் திரைக்குள் அடங்கும்படி மொத்தப் படத்தையும் சுருக்குவது. ‘திரைக்குப் பொருத்து’ என்று பணிவான பெயரோடு இருக்கும் அந்தப் பொத்தானை நான் எட்டு மாதமாக நண்பன் என்று நம்பியிருந்தேன். எதை எவ்வளவு பெரிதாகக் காட்டுவது என்ற முடிவை அது எப்போதும் உயரமானவனிடமே ஒப்படைக்கும். வீட்டில் சத்தமாகப் பேசுகிறவர் சொல்வதுதான் முடிவு என்கிற மாதிரி.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஹைட்ரஜன் என்.எம்.ஆர். நிறமாலையில் பீக் எங்கே நிற்கிறது என்பது அந்த ஹைட்ரஜனின் அக்கம்பக்கத்தைச் சொல்லும். அதன் பரப்பு, அப்படிப்பட்ட ஹைட்ரஜன்கள் எத்தனை என்று சொல்லும். என் மூலக்கூறில் டெர்ஷியரி பியூட்டைல் என்ற குழு இருந்தது. அதில் ஒன்பது ஹைட்ரஜன்கள், ஒன்பதுக்கும் ஒரே சூழல். ஆகவே ஒன்பதும் சேர்ந்து 1.45-இல் ஒரே கோடாக எழும்பும். ஆல்டிஹைடிலோ அந்த இடத்தில் ஒரே ஒரு ஹைட்ரஜன். நூறு பங்கு பொருளோடு மூன்று பங்கு ஆல்டிஹைடு கலந்திருந்தால், இந்தப் பக்கம் 900, அந்தப் பக்கம் 3. இரண்டு கோடுகளுக்கும் ஒரே அகலம் என்று வைத்துக்கொண்டால் உயரத்தில் முந்நூறில் ஒரு பங்கு. அச்செடுத்த காகிதத்தில் பெரிய பீக்குக்கு 15 சென்டிமீட்டர் கொடுத்தால் ஆல்டிஹைடுக்குக் கிடைப்பது அரை மில்லிமீட்டர். கோடு போட்ட மையின் தடிமனே கிட்டத்தட்ட அவ்வளவு.

புரதங்களோடு வேலை செய்கிறவர்களுக்கு இது இன்னும் கொடுமை. அவர்களுடைய மாதிரிப் பொருள் தண்ணீரில் கரைந்திருக்கும். ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 55 மோல் மூலக்கூறுகள், மூலக்கூறுக்கு இரண்டு ஹைட்ரஜன், ஆக 110 மோல். புரதம் ஒரு மில்லிமோல் இருந்தால் அதுவே தாராளம். தண்ணீருக்கும் புரதத்தின் ஒற்றை ஹைட்ரஜனுக்கும் விகிதம் 1,10,000-க்கு 1. தண்ணீர் பீக்கைத் திரைக்குள் அடக்கினால் புரதம் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு உயரத்தில் நிற்கும்; எந்தத் திரையிலும் அதைக் காட்ட பிக்சல் கிடையாது. அதனால்தான் அளக்கும்போதே தண்ணீரின் வாயை அடக்க வானலைத் துடிப்புகளால் தனி வித்தைகள் செய்கிறார்கள். அப்படி அடக்கிய பிறகும் மிச்சத் தண்ணீர்தான் பல நேரம் உயரமானவன்.

இந்தச் சுதந்திரம், அதாவது அளந்து முடித்த பிறகு உட்கார்ந்து அளவைக் கூட்டிக் குறைக்கும் வசதி, புதுசு. 1951-இல் ஸ்டான்ஃபோர்டில் ஆர்னல்டு, தர்மட்டி, பேக்கர்டு மூவரும் எத்தனாலின் ஹைட்ரஜன்கள் ஒன்றுக்குப் பதில் மூன்று பீக்குகளாகப் பிரிந்து நிற்பதைக் காட்டினார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்ற விகிதத்தில் மூன்று மேடுகள். வேதியியலாளர்கள் என்.எம்.ஆரைத் திரும்பிப் பார்த்தது அந்த மேடுகளுக்குப் பிறகுதான். (மூவரில் நடுவில் இருக்கும் எஸ்.எஸ். தர்மட்டி நம்மவர், பின்னாளில் மும்பை டாடா ஆய்வு நிறுவனத்தில் இந்தத் துறைக்கு அடித்தளம் போட்டவர்.) அதன் பிறகு வந்த கருவிகளில் நிறமாலையைப் பேனா காகிதத்தில் வரையும். பேனா எவ்வளவு துள்ள வேண்டும் என்பதை வரைவதற்கு முன்பே குமிழைத் திருகி முடிவுசெய்ய வேண்டும். அதிகமாகத் திருகிவிட்டால் பேனா காகிதத்தின் மேல்விளிம்பில் முட்டி, அங்கேயே ஊர்ந்து, தட்டையான கூரை ஒன்றை வரைந்துவிட்டு இறங்கும். குறைத்துத் திருகினால் சின்ன பீக்குகள் மை தடிமனுக்குள் புதைந்துபோகும். இரண்டும் வேண்டும் என்றால் இரண்டு முறை ஓட்டுவதைத் தவிர வழியில்லை. பழைய ஆய்வேடுகளைப் புரட்டினால் ஒரே தாளில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு வரைவுகளைப் பார்க்கலாம்; கீழே முழு நிறமாலை, மேலே அதன் ஒரு துண்டு பெரிதாக.

அதற்கும் முன்னால் ஒளிப்படத் தகடு. 1928-இல் கல்கத்தாவில் ராமனும், வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணனும் பென்சீன் போன்ற திரவங்களில் பாதரச விளக்கின் ஒளியைப் பாய்ச்சிச் சிதறலைத் தகட்டில் பதித்தபோது, அவர்கள் தேடியது வந்த ஒளியில் கோடியில் ஓரிரு பங்கு அளவுக்கு மெலிந்த கோடுகளை. அவை பதியும்வரை தகட்டை ஒளியில் வைத்தால் பாதரசத்தின் சொந்தக் கோடுகள் அளவு மீறிக் கருத்துத் தடித்துப் போகும். போகட்டும் என்று விட்டார்கள். இன்றைய மொழியில் சொன்னால் உயரமானவனைத் திரைக்கு வெளியே விரட்டிவிட்டுத் தரையைப் பார்த்தார்கள்.

இப்போது கருவி எண்களைச் சேமித்துவிடுகிறது. திரை வெறும் சன்னல். டாப்ஸ்பின் போன்ற மென்பொருள்களில் உயரத்தை இரண்டு மடங்காக்க ஒரு பொத்தான், எட்டு மடங்காக்க ஒன்று, அதே மாதிரி குறைக்க இரண்டு. எட்டு மடங்குப் பொத்தானை இரண்டு முறை தட்டினால் 64 மடங்கு. என் பொடியின் கதை அந்த இரண்டு தட்டலில் வெளிவந்திருக்கும்.

படுக்கைவாட்டு அச்சுக்கு வேறு வகைக் குறும்பு. என்.எம்.ஆரில் எண்கள் வலமிருந்து இடமாக ஏறும். பூஜ்யம் வலது ஓரத்தில் இருக்கும். பழைய கருவிகளில் வானலை அதிர்வெண்ணை அசையாமல் வைத்துக் காந்தப்புலத்தை மெல்லக் கூட்டிக்கொண்டே போவார்கள்; பேனா இடமிருந்து வலமாக நகரும். வலுவான புலம் தேவைப்படுகிற ஹைட்ரஜன்கள் வலப்பக்கம் வந்து நின்றன. அந்தக் கருவிகள் மியூசியத்துக்குப் போய்விட்டன, பழக்கம் போகவில்லை. தரவை எக்செல்லில் கொட்டி வரைகிற மாணவருக்குக் கண்ணாடியில் பார்த்த பிம்பம் மாதிரி தலைமாற்றிய நிறமாலை கிடைக்கும். அச்சைத் திருப்ப ஒரு டிக் போதும். அதைத் தேடுவதற்குத்தான் ஒரு மத்தியானம் போகும்.

அகலத்தை எவ்வளவு விரிப்பது என்ற கேள்வி அதைவிடப் பெரியது. அதற்கு ஒரு பழைய கதை: 1868 ஆகஸ்ட் 18-இல் முழுச் சூரிய கிரகணம். குண்டூரில் பிரெஞ்சு வானியலாளர் ஜான்சன், மசூலிப்பட்டினத்தில் சென்னை வானாய்வகத்தின் நார்மன் போக்சன், இன்னும் பலர் சூரியனின் விளிம்புச் சுடர்களை நிறமாலைமானியில் பார்த்தார்கள். மஞ்சளில் பளிச்சென்று ஒரு கோடு. மஞ்சளில் கோடு என்றால் சோடியம் என்றுதான் பலரும் நினைத்தார்கள். சோடியத்தின் இரட்டைக் கோடுகள் 589.0, 589.6 நானோமீட்டரில் நிற்பவை. அன்று தெரிந்த கோடு இருந்தது 587.6-இல். அதே ஆண்டு அக்டோபரில் லண்டனில் வானியலாளர் லாக்கியர், கிரகணம் இல்லாத நாளிலேயே சுடர்களை ஆராய்ந்து, அந்தக் கோடு சோடியத்தின் மேல் உட்காரவில்லை, ஒதுங்கி நிற்கிறது என்று கண்டார். ஹீலியம் என்று பெயர் வைத்தது அந்த ஒதுங்கலுக்குத்தான். பூமியில் அது வேதியியலாளர் ராம்சேயின் கையில் சிக்கியது 1895-இல்.

இதை இன்றைய திரையில் போட்டுப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளி முழுவதையும், 400 முதல் 700 நானோமீட்டர் வரை, 1,920 பிக்சல் அகலத்தில் விரித்தால் நானோமீட்டருக்கு ஆறு பிக்சல் சொச்சம். சோடியத்தின் இரண்டு கோடுகளுக்கு நடுவே நான்கு பிக்சல். ஹீலியத்துக்கும் பக்கத்துச் சோடியத்துக்கும் ஒன்பது. கவனமாகப் பார்த்தால் தெரியும். அதே படத்தைக் கட்டுரையில் 10 சென்டிமீட்டர் அகலத்துக்குச் சுருக்கி அச்சிட்டால் இடைவெளி அரை மில்லிமீட்டர். ஒரு தனிமம் அந்த அரை மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும்.

பிக்சல் என்றதும் நினைவுக்கு வருகிறது. என்.எம்.ஆர். நிறமாலை ஒன்றில் 65,536 புள்ளிகள் இருப்பது சகஜம். திரையின் அகலம் 1,920 பிக்சல் என்றால் ஒரு பிக்சலுக்கு 34 புள்ளிகள் போட்டியிடும். ஒரு ஹெர்ட்ஸ் அகலமுள்ள கூரான பீக், 400 மெகாஹெர்ட்ஸ் கருவியில், எட்டுப் புள்ளிகளில் முடிந்துவிடலாம். மென்பொருள் சோம்பேறித்தனமாக 34-க்கு ஒரு புள்ளியை மட்டும் எடுத்து வரைந்தால் எட்டுப் புள்ளி பீக் எடுத்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே விழுந்து காணாமல் போகும். நன்றாக எழுதிய மென்பொருள் 34 புள்ளிகளில் மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் பிடித்து அவற்றுக்கிடையே கோடு போடும். எதை நம்புவது என்று சோதிக்க எளிய வழி, படத்தை மெல்ல விரித்துப் பார்ப்பது. விரிக்க விரிக்க பீக்குகள் பூனை மாதிரி தலையை நீட்டி நீட்டி உள்ளே இழுத்துக்கொண்டால், முதலில் நீங்கள் பார்த்த உயரங்களை எழுதி வைக்காதீர்கள்.

அகச்சிவப்பு நிறமாலைக்காரர்களிடம் வேறு வழக்கு. அவர்கள் படத்தில் பீக்குகள் தலைகீழாகத் தொங்கும். மாதிரியைத் தாண்டி எவ்வளவு ஒளி வெளியே வந்தது என்ற சதவீதத்தை வரைவது அவர்கள் மரபு. உறிஞ்சப்பட்ட இடத்தில் சதவீதம் குறையும், கோடு பள்ளத்தில் இறங்கும். மென்பொருளில் ஒரு தட்டலில் இதை உறிஞ்சல் அளவாக மாற்றிப் பள்ளங்களை மலைகளாக்கலாம். தலைகீழாகத் திருப்பினதுதானே என்று நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். நடுவில் ஒரு மடக்கை இருக்கிறது. 10 சதவீத ஒளி வெளியே வந்தால் உறிஞ்சல் 1, 1 சதவீதம் என்றால் 2, 0.1 சதவீதம் என்றால் 3. பொருள் எவ்வளவு இருக்கிறது என்பதோடு நேர்விகிதத்தில் போவது இந்த எண்தான். சதவீதப் படத்தில் 1-க்கும் 0.1-க்கும் உள்ள தூரம், 10 சென்டிமீட்டர் உயரப் படத்தில், ஒரு மில்லிமீட்டர்கூட வராது. இரண்டு பள்ளங்களும் தரையைத் தட்டி நிற்கும். இரண்டும் ஒரே ஆழம் என்று கண் தீர்ப்பு எழுதிவிடும். உறிஞ்சலில் ஒன்று மற்றதைவிட ஒன்றரை மடங்கு உயரம். ஆனால் இங்கேயும் எச்சரிக்கை வேண்டும்: உறிஞ்சல் 3 என்றால் உணர்விக்கு வந்து சேர்ந்தது ஆயிரத்தில் ஒரு பங்கு ஒளி. அந்த மலையின் உச்சியில் பாதி இரைச்சல்.

அங்கேயே இன்னொரு பழைய பழக்கம். அகச்சிவப்பின் அச்சு, சென்டிமீட்டருக்கு எத்தனை அலைகள் என்ற கணக்கில் 4,000-இலிருந்து 400 வரை இறங்கும். பழைய வரைதாள்களில் 2,000-ஐத் தாண்டியதும் அச்சு திடீரென்று விரியும். கார்போனைல் முதலிய விஷயமுள்ள ஆட்கள் எல்லாம் அதற்குக் கீழேதான் குடியிருக்கிறார்கள் என்று அவர்களுக்கு அதிக இடம் ஒதுக்கினார்கள். பல மென்பொருள்கள் அந்த உடைந்த அச்சை ஒரு தெரிவாக இன்னும் வைத்திருக்கின்றன. ஒருவர் உடைத்தும் ஒருவர் உடைக்காமலும் வரைந்த படங்களை ஒன்றின் மேல் ஒன்று வைத்து, பொருந்தவில்லை, இது வேறு சேர்மம் என்று சண்டை போட முடியும்.

இரு பரிமாண நிறமாலைகளில் உயரம் என்ற அச்சே கிடையாது. சர்வே வரைபடத்தில் குன்றுகளைக் காட்டுவது போல, சம உயரக் கோடுகளால் வளையம் வளையமாக வரைவார்கள். முதல் வளையத்தை எந்த உயரத்தில் போடுவது என்பது பார்ப்பவரின் தீர்மானம். மேட்டூர் அணையை நினைத்துக்கொள்ளுங்கள். நீர்மட்டம் நிறைந்திருக்கும்போது பண்ணவாடிப் பக்கம் கடல் மாதிரி தண்ணீர்தான். மட்டம் இறங்கினால் மூழ்கிப்போன தேவாலயத்தின் கோபுரம் தெரியும், பழைய கோயிலின் நந்தி தெரியும். இன்னும் இறங்கினால் சேறும் கல்லும் தெரியும், எது கட்டடம் எது கல் என்று குழம்பும். திரையிலும் அதேதான். மட்டத்தைத் தூக்கி வைத்தால் பலமான பீக்குகள் மட்டும் சுத்தமான தீவுகளாக நிற்கும், மெலிந்தவை மூழ்கிவிடும். இறக்கினால் இரைச்சல் புள்ளி புள்ளியாகத் திரை முழுக்க மணல் தூவும். அனுபவசாலிகள் மணல் தெரிகிறவரை இறக்கிவிட்டு, பிறகு ஒரு படி ஏற்றுவார்கள்.

வளையத்துக்குப் பதில் வண்ணம் பூசுகிறவர்களுக்கு ஒரு வரி. வானவில் வரிசையில் மஞ்சள் மட்டும் கண்ணில் துருத்திக்கொண்டு நிற்கும். தரவில் இல்லாத கரை ஒன்றை அது கட்டிவிடும். மேட்லேப் மென்பொருள் 2014-இல் அந்த வரிசையை முதல் தெரிவிலிருந்து நீக்கியது. நீங்களும் நீக்கிவிடலாம்.

இத்தனையும் பார்வை சம்பந்தப்பட்டவை. கோப்பை மூடித் திறந்தால் எண்கள் அப்படியே இருக்கும். அதே மெனுவில், அதே மாதிரிப் பொத்தான்களில், எண்களையே மாற்றுகிற வேலைகளும் இருக்கின்றன: அடிக்கோட்டை நிமிர்த்துவது, இரைச்சலை வழவழப்பாக்குவது, கோடுகளை வேண்டுமென்றே சற்று அகலமாக்கி இரைச்சலை அமுக்குவது. இவை தப்பு என்று சொல்ல மாட்டேன். நானே தினமும் செய்கிறேன். செய்ததை எழுதி வைக்க வேண்டும், மூலத் தரவைத் தொடக்கூடாது. இதற்கு அடுத்த படியில் வழுக்கல். 2013-இல் ஆர்கானிக் லெட்டர்ஸ் ஆய்விதழின் ஆசிரியர் ஏமஸ் ஸ்மித், தங்களுக்கு வருகிற நிறமாலைப் படங்களில் மாசு பீக்குகளை அழித்துவிட்டு அனுப்புகிறவர்கள் பிடிபட்டிருக்கிறார்கள் என்று தலையங்கத்தில் எழுதினார். அழித்தவர்களில் சிலர் அதை ஒப்பனை என்று நினைத்திருக்கக்கூடும். 0 முதல் 8 வரை வெட்டிய நானும் அழகுக்காகத்தான் வெட்டினேன். என் முள் 9.9-இல் இருந்தது தற்செயல். அழகுக்கு அது தெரியாது.

சக்கரப் பாடம் கிடைத்த வாரத்தில் நான் மறுகோடிக்குப் போனேன். பொடியை மறுபடி காலத்தில் ஏற்றி, இறக்கி, இரவு முழுக்க வெற்றிடத்தில் உலர்த்திப் புது நிறமாலை எடுத்தேன். ஆல்டிஹைடு இல்லை. எத்தில் அசிட்டேட் இல்லை. விடுவேனா? சக்கரத்தை உருட்டினேன், உருட்டினேன், அடிக்கோடு நடுங்கத் தொடங்கும்வரை உருட்டினேன். 1.45-இல் கூரையைப் பிய்த்துக்கொண்டு போன பெரிய பீக்குக்கு இரு பக்கமும், 1.29-இல் ஒன்றும் 1.61-இல் ஒன்றுமாக, இரண்டு சின்னக் கோடுகள். ஒரே உயரம், ஒரே தூரம், சன்னிதிக்கு வெளியே துவாரபாலகர்கள் மாதிரி. அளந்து பார்த்தால் பெரியதில் நூற்று எண்பதில் ஒரு பங்கு. அன்று திட்டு வாங்கித் தந்த ஆல்டிஹைடைவிட உயரம்.

மூன்றாவது காலம். இரண்டு நாள், லிட்டர் லிட்டராக ஹெக்சேன். அரை கிராம் கால் கிராமாகத் தேய்ந்தது. நிறமாலையில் அதே இரண்டு பேர், அதே உயரத்தில், அதே தூரத்தில். அழாத குறையாகக் கோப்பைத் தூக்கிக்கொண்டு போனேன்.

அவர் இந்த முறை சக்கரத்தைத் தொடவில்லை. "கார்பன்-13 இயற்கையில எவ்வளவு?" என்றார்.

"1.1 சதவீதம் சார்."

"ரெண்டாப் பிரிச்சா?"

0.55. நூற்று எண்பதில் ஒன்று. நூறு கார்பனில் ஒன்று எடை கூடிய கார்பன்-13. அதன் மேல் உட்கார்ந்திருக்கும் ஹைட்ரஜன்களின் கோட்டை அது 126 ஹெர்ட்ஸ் இடைவெளியில் இரண்டாகப் பிளந்து இரு பக்கமும் தள்ளி நிறுத்தும். 400 மெகாஹெர்ட்ஸ் கருவியில் அது படுக்கைவாட்டு அச்சில் நடுவிலிருந்து பக்கத்துக்கு 0.16. கணக்கு அணு பிசகாமல் பொருந்தியது. நான் ஒரு வாரமாகக் கழுவி வெளியேற்றப் பார்த்தது என் சேர்மத்தையேதான்.

"அப்ப இதைப் பிரிக்கவே முடியாதா சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அதுக்குக் காலம் பத்தாதும்மா" என்றார்.